மூன்று நாள்

நெதர்லாந்தின் டிரெந்தே மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் நண்பர் வீடு வாங்கியபோது நான் உடனிருந்தேன். அந்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம்: குடியிருக்க வீடு வாங்குகிறவர், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்தபின் மூன்று நாளைக்குள் காரணம் கூறாமலே விலகிக்கொள்ளலாம். விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டாம் நாள் நண்பர், “இந்த ஊரின் நிசப்தம் பயமாயிருக்கிறது, விலகிவிடட்டுமா?” என்றார். விற்ற மூதாட்டியோ சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அவசரப்பட்டவனைக் காக்கவே அந்தச் சட்டம், பயன்படுத்துவது குற்றமாகாது. ஆனால், சட்டம் காரணம் கேட்காததாலேயே மனச்சாட்சியும் கேட்காதிருக்குமா?

“விலகுங்கள். கடிதத்தில் வேண்டாம், நேரில் காரணத்தைச் சொல்லிவிட்டு விலகுங்கள்” என்றேன்.

போனார். அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்ததும் சொல்லத்தக்க காரணம் எதுவும் தோன்றவில்லையாம். வாங்கிவிட்டார்.

அவரைத் தருமத்தில் நிறுத்தினேனா, தாட்சண்யத்தில் மாட்டிவிட்டேனா? எனக்கு இன்றும் தெளிவில்லை.