இசைக்குழு முறிவும் பங்கீட்டு அறமும்

இசைக்குழுக்கள் கலையும்போது வெளியே சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் கருத்து வேறுபாடு. பல முறிவுகளின் அடியில் கிடப்பதோ பங்கீட்டில் நேர்ந்த அநீதி. கூடி உருவாக்கிய பாட்டின் பயனை ஒருவரே கொள்வது, சட்டம் இடம் கொடுத்தாலும், அறமாகாது.

2025இல் 'தி போலீஸ்' குழுவின் கிதார் கலைஞர் ஆண்டி சம்மர்ஸும் டிரம்ஸ் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லண்டும், பாடகர் ஸ்டிங் மீது லண்டன் உயர் நீதிமன்றத்தில் ராயல்டி வழக்குத் தொடுத்தார்கள். எண்பதுகளிலேயே கலைந்த குழு அது. மூவரும் எழுபதைக் கடந்தவர்கள். இந்த வயதிலும் பழைய தோழர்கள் வழக்கறிஞர் வைத்துப் பேச வேண்டியிருப்பது வேதனைக்குரியது.

அக்குழுவின் புகழ்பெற்ற பாடல் 1983இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்'. சொல்லும் மெட்டும் ஸ்டிங்குடையவை. ஆனால் அந்தப் பாட்டை நினைத்ததும் காதில் முதலில் ஒலிப்பது, சுரம் சுரமாகப் பிரிந்து வரும் சம்மர்ஸின் கிதார். 1997இல் ராப் கலைஞர் பஃப் டாடி தம் பாடலுக்கு எடுத்துக்கொண்டதும் அந்தக் கிதார் ஒலியைத்தான். அங்கும் பாடலாசிரியராக இடம்பெற்றவர் ஸ்டிங், சம்மர்ஸ் அல்ல.

பாடலை இயற்றிய உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. வேறொருவர் அதே பாட்டைப் பாடினாலும் இயற்றியவருக்குப் பணம் வரும். முதலில் வாசித்தவருக்கு வராது. ஒரே மேடையில் நின்றவர்களுக்குள் இடைவெளி ஆண்டுதோறும் அகல்வது இதனால்தான்.

பகுத்து உண்பதை நூலோர் தொகுத்த அறங்களுள் எல்லாம் தலையாயதாக வைத்தவர் வள்ளுவர். தக்க தருணத்தில் செய்த உதவி சிறிதே ஆனாலும் உலகினும் பெரிது என்றவரும் அவரே. அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்பது புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் முடிவு. தகுதிக்கேற்பப் பங்கு என்றார் அரிஸ்டாட்டில். அந்தத் தகுதியை அளப்பவரே பெரும்பங்கைப் பெறுபவராகவும் இருந்தால் நடுவுநிலைமை எங்கே நிற்கும்? தோழனின் உழைப்பில் எழுந்த புகழைத் தனதாக்கிக்கொள்பவன் நன்றியை மறந்தவன். அவனுக்கு எந்த அறநூலும் துணை நிற்காது.

அளப்பவரே பெரும்பங்கு கொள்வதற்கு 'தி ஸ்மித்ஸ்' வழக்கு தெளிவான சான்று. 1987இல் கலைந்த அந்த நால்வர் குழுவில், பதிவு, மேடை வருமானத்தில் பாடகர் மோரிஸியும் கிதார் கலைஞர் ஜானி மாரும் தலைக்கு 40 விழுக்காடு கொண்டார்கள். டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் பத்துப் பத்து. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மாற்று உடன்பாடு இல்லாத இடத்தில் கூட்டாளிகளுக்குச் சம பங்கு என்பது பிரிட்டனின் 1890ஆம் ஆண்டுச் சட்டம். 1996இல் நீதிமன்றம் ஜாய்ஸுக்கு 25 விழுக்காடு உண்டு என்று தீர்ப்பளித்தது. 'புரோகோல் ஹாரம்' குழுவின் ஆர்கன் கலைஞர் மேத்யூ ஃபிஷர் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார். 1967இல் வெளிவந்த 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாடலின் இசையுரிமையில் அவருக்கு 40 விழுக்காடு என்பது 2009இல்தான் உறுதியானது.

தனிமையில் அமர்ந்து பாட்டை உருவாக்கியவனின் உழைப்பும் உழைப்பே. 1999இல் 'ஸ்பாண்டவ் பாலே' குழுவின் மூவர் தொடுத்த வழக்கில் பாடலாசிரியர் கேரி கெம்ப்பே வென்றார். ஆனால் வழக்கில் வென்றதால் பங்கு நியாயமாகிவிடாது. எல்லா முறிவுக்கும் பணமே காரணம் என்பதும் சரியல்ல. 1980இல் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் இறந்தபின் தொடர மனமில்லாமல் நிறுத்திக்கொண்டது 'லெட் ஸெப்பலின்'.

சமமாகப் பங்கிட்ட குழுவும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய 'ஆர்.இ.எம்.' குழுவினர், யார் எழுதினாலும் பாடல்களை நால்வர் பெயரிலும் சமமாகப் பதிந்தார்கள். டிரம்ஸ் கலைஞர் பில் பெரி 1997இல் உடன்பாட்டோடு விலகினார். குழு 2011இல் சண்டையின்றி முடித்துக்கொண்டது. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டபோது, பெரி உட்பட நால்வரும் ஒரே மேடையில் மீண்டும் வாசித்தார்கள்.