வெள்ளக் காப்பீடும் தவக்குலும்

வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எடுக்கலாமா என்பது இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தில் இன்னும் தீராத விவாதம். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில், 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய பிறகு அது ஏட்டளவில் நிற்கும் கேள்வியல்ல.

தவக்குல், அதாவது இறைவன் மீது பொறுப்புச் சாட்டுதல், இதற்குத் தடையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனை நம்பச் சொல்கிறது நபிமொழி. சிக்கல் ஒப்பந்தத்தில்தான். கட்டிய பிரீமியத்துக்கு எதுவும் கிடைக்காமலும் போகலாம், பல மடங்கும் கிடைக்கலாம். இந்த நிச்சயமின்மையை ‘கரர்’ என்பர். நிறுவனம் அப்பணத்தை வட்டிக்கு விடுவது அடுத்த தடை.

சிரிய அறிஞர் முஸ்தபா அஸ்ஸர்கா வணிகக் காப்பீட்டை அனுமதித்தார். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதை மறுத்து, உறுப்பினர்களின் நன்கொடை நிதியால் இழப்பை ஈடுசெய்யும் கூட்டுறவு முறையை ஏற்றது. ‘தகாஃபுல்’ எனப்படும் இம்முறைக்கு மலேசியா அதற்கு முந்தைய ஆண்டே சட்டம் இயற்றியிருந்தது. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வெள்ளத்தையும் உள்ளடக்கியது; ஆனால் அது வழக்கமான வணிகக் காப்பீடே.

ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தே இப்படி நிதி திரட்டலாமே என்று தோன்றும். ஊர் முழுதும் ஒரே இரவில் மூழ்கினால் ஊருக்குள் சேர்த்த நிதி போதாது. பல ஊர்கள் சேர்ந்தால்தான் அது தாங்கும்.