மூவர் கோயிலும் முகமற்ற மக்களும்

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையிலே, விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவில் இருக்கிறது கொடும்பாளூர். இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். அன்றோ, இருக்குவேளிரின் தலைநகர். சிலப்பதிகாரம் மதுரைக்கு வழி கூறுமிடத்தே குறிக்கும் ஊர். ஆயினும், இன்று இளைஞரை அங்கே இழுத்து வருவது சிலம்பு அன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்'! 1950இல் வார இதழிலே தொடங்கி, மூன்றரை ஆண்டுக்காலம் தமிழ்நாட்டை வாரந்தோறும் காத்திருக்க வைத்த கதை. வானதி பிறந்த மண் இதுதானா என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். நாமும் அப்படித்தான் சென்றோம். மறைப்பானேன்?

"பகுத்தறிவு பேசுவோர் மன்னர் கதையிலே மயங்கலாமா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கல்கி நம் இயக்கத்தவர் அல்லர், காங்கிரசுக்காரர். எனினும், அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்டு மனந்திறந்து பாராட்டியவர். மாற்று முகாமிலும் திறமையை மதித்த அந்தப் பண்பை அவருக்கே திருப்பித் தருவதில் நமக்குத் தயக்கம் எதற்கு? கதையைச் சுவைப்பது குற்றமன்று. கதையையே வரலாறென்று கொள்வதும், அந்த வரலாற்றைத் தன் சாதிக்குப் பட்டா எழுதிக்கொள்வதுமே குற்றம். நந்தினி கற்பனை என்பதை மறந்தால் இழப்பு சிறிது. "இராசராசன் எங்கள் சாதி" என்று இளைஞர்கள் மார்தட்டி மோதிக்கொள்கிறார்களே, அந்த இழப்பு சிறிதா?

மூவர் கோயிலின் முன் நின்றோம். பத்தாம் நூற்றாண்டினது என்பர். பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தன் மனைவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூன்று தளிகள். இரண்டு நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கல்லிலே கலை கொஞ்சுகிறது, மறுப்பார் யார்? ஆனால், அங்குள்ள கல்வெட்டு என்ன கூறுகிறது? தமிழ் வேளிரின் பெருமை வடமொழியிலே வெட்டப்பட்டிருக்கிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்கு மடம் தந்ததையும், 50 துறவியர் உண்ண 11 ஊர்களை வழங்கியதையும் அது பேசுகிறது.

50 பேர் உண்ண 11 ஊர்கள்! அந்த ஊர்களிலே உழுதவன் யார்? நாற்று நட்டவள் யார்? தந்தவன் பெயர் இருக்கிறது. பெற்றவன் பெயர் இருக்கிறது. விளைவித்தவன் பெயர் எங்கே? கல்லைச் சுமந்தவன் கல்லிலே இல்லை. கல்லிலே இல்லாததால் கதையிலும் இல்லை. கதாசிரியர் மீது மட்டும் பழி போடுவது நேர்மையாகாது. அவர் கைக்குக் கிடைத்த ஏடும் செப்பேடும் கல்வெட்டும் அரண்மனையின் குரலைத்தானே பேசின! ஆகவே, கேட்க வேண்டிய கேள்வியைப் படிப்பவன்தான் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன கெடும் என்கிறீர்களா? இதே மாவட்டத்து இறையூரிலே, 2022 டிசம்பரில், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது வெளிப்பட்டது. அய்யனார் கோயிலுக்குள் விடப்படாதிருந்த மக்களை மாவட்ட ஆட்சியரே அழைத்துச் செல்ல நேர்ந்தது. 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதற்பகுதி வெளிவந்து, அரங்குகள் நிரம்பி வழிந்த ஆண்டும் அதே 2022தான்! ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரண்மனைக்குள் நம்மை அழைத்துச் செல்லும் கற்பனை, அடுத்த தெருவுக்குள் அழைத்துச் செல்லவில்லையே!

ஆனால், இதே மண் வேறொரு காட்சியையும் கண்டது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவித்தபோது, பெண்கள் மிதிவண்டியும் பழகினார்கள். வயலிலே களை எடுத்தவர்கள், கல்குவாரியிலே கல் உடைத்தவர்கள், கையெழுத்துப் போடக் கற்ற கையாலேயே கைப்பிடியைப் பற்றினார்கள். யாரையும் எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் தாமே சென்று வந்தார்கள். எந்த மன்னனும் வழங்கிய தானமன்று அது. தாமே முயன்று பெற்ற விடுதலை! முன்பு கல்வெட்டு மறந்த கூட்டத்தின் பேத்திகள், தம் பெயரைத் தாமே எழுதிய நாள் அது.

தோழர்களே, கல்கியைப் படியுங்கள், கொடும்பாளூருக்கும் செல்லுங்கள். நிற்கும் இரு தளிகளை வியந்த பிறகு, அவற்றைத் தாங்கும் கல்லைத் தொட்டு, "இதைச் சுமந்தவர் யார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு திரும்புகிற இளைஞன் சாதிச் சங்கத்தின் பக்கம் போகமாட்டான். அவனிடம் எழுத்தாற்றலும் இருக்குமாயின், வானதியின் கதைக்கு நிகராக, கல் உடைத்த பெண்ணின் கதையையும் தமிழ்நாடு வாரந்தோறும் காத்திருந்து படிக்கும்!