கார்டு எடுக்கவில்லை

நேற்று வரை திறந்த மெமரி கார்டு இன்று லேப்டாப்பில் காட்டவில்லை என்றதும் வாயில் முதலில் வருவது, "கார்டு போச்சு." பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தால் அந்தச் சொல் குரல் நடுங்கி வரும். ஆனால் நமக்குத் தெரிந்தது என்ன? திரையில் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான்.

லேப்டாப் கார்டைத் தேடிப் பார்க்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான ஸ்லாட்டுகளில் அது தேடுவதே இல்லை. உள்ளே ஓரமாக ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. கார்டு முழுதாக நுழைந்ததும் தகடு அசையும். கார்டு வந்த சேதி ரீடர் சிப்புக்குப் போகும். தூசி அடைத்தோ விறைப்பு இழந்தோ அது அசையாமல் நின்றுவிட்டால், கண்ணெதிரே செருகி நிற்கும் கார்டு லேப்டாப்பைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. எஸ்டி கார்டின் பக்கவாட்டுப் பூட்டு இன்னும் வியப்பானது. அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தான் பூட்டப்பட்டிருப்பது கார்டுக்கே தெரியாது; ஸ்லாட்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது. துண்டு உடைந்து விழுந்தால், யாரும் பூட்டாமலேயே எழுத முடியாத கார்டு ஆகிவிடும்.

தகட்டைத் தாண்டினாலும் வழி நீளம். பின்கள், ரீடர் சிப், டிரைவர், விண்டோஸ், ஃபைல் சிஸ்டம் என்று போகிற பாதையில் எங்கே அறுந்தாலும் நமக்குத் தெரிவது அதே வெறும் திரை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உறங்கப் போன ரீடர், எழுப்பும்போது எழாமல் கிடக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் முரண்டலாம். 2 ஜிபி வரையிலான கார்டுகளுக்காகச் செய்த பழைய ரீடருக்கு, 2006-இல் வந்த எஸ்டிஹெச்சி கார்டு புரியாது. அங்கே பழுது என்று எதுவுமே இல்லை.

அதே கார்டை வேறொரு கருவியில் போட்டுப் பார்ப்பது, வேறொரு கார்டை அதே ஸ்லாட்டில் போட்டுப் பார்ப்பது. இந்த இரண்டையும் செய்தாலே சந்தேகம் பாதியாகக் குறையும். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் போதாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸில், ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் மையப் பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழுந்து வருகிறது. அதோடு கோளாறும் எழுந்து வரலாம்.

சில சமயம் கார்டு தெரியும், ஆனால் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கும். என் மனத்தில் மிகவும் உறுத்துவது அந்தக் கேள்விதான். கார்டு காலி என்று கணினி கண்டுபிடிக்கவில்லை. தன்னால் படிக்க முடியவில்லை, அதனால் துடைக்கலாமா என்கிறது. தனக்கு எட்டாததை இல்லாததாகக் கணக்கு வைக்கிறது. மனிதர்களான நாமும் அதைத்தானே செய்துவருகிறோம்? வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா, கேள்வி அதன் மொழியில்தான் கேட்கப்பட்டதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? சேதி வராததை வைத்து நாம் சொல்லும் தீர்ப்பு, பெரும்பாலும் நடுவே இருக்கும் பாதையைப் பற்றியது. அதைச் சுமப்பதோ மறுமுனையில் இருப்பவர்.

பாதையைச் சோதிக்கப் பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், திரும்பப் பெற முடியாத காரியத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். ஃபார்மட் கேள்விக்கு 'கேன்சல்' கொடுத்துவிட்டு, கார்டை ஒரு யூஎஸ்பி ரீடரில் போட்டுப் பார்க்கலாம். திறந்தால் முதலில் படங்களை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்லாட்டில் காற்றடிப்பதும், டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுவதும், கடைக்குக் கொண்டுபோவதும் அதற்கு அப்புறம்.