அன்றாட வேலையே அருள்பணி

சனவரி 16, புனித ஜோசப் வாஸ் திருவிழா
நற்செய்தி வாசகம்: லூக்கா 10:1-9



ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பிய பகுதியை இப்போது கேட்டோம். வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து இதை இன்னொரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அறுவடையின் ஆண்டவரிடம் மன்றாடும்படி முதலில் சொல்கிறார். அதன் பிறகு, போகிற இடத்தில் அவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதாக அவர் கொடுப்பது இரண்டே செய்திகள். நுழைகிற வீட்டுக்கு அமைதியின் வாழ்த்து. இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது என்ற அறிவிப்பு. மற்றதெல்லாம் அன்றாடக் காரியம். கையில் எதை எடுத்துப் போகக் கூடாது, எந்த வீட்டில் தங்க வேண்டும், அந்த வீட்டார் என்ன சமைத்து வைத்தாலும் எப்படி உண்ண வேண்டும், வசதியான வேறு வீடு தேடி ஏன் அலையக் கூடாது, அந்த ஊரில் நோயாளி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவைதான் அவர் கொடுக்கும் கட்டளைகள். தம் சீடர்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதைவிட, அந்நிய ஊரில் அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிய வேண்டும் என்பதில் ஆண்டவருக்கு அவ்வளவு அக்கறை.

மறைபரப்புப் பணி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது வேறு. பெருங்கூட்டத்துக்கு முன்னால் நின்று போதிக்கும் ஒருவர் வருகிறார்; ஆற்றங்கரையில் நூறு பேருக்குத் திருமுழுக்கு கொடுக்கும் ஒருவர் வருகிறார். அப்படிப்பட்ட நாள்களும் உண்டுதான். ஆனால் வேற்று நாட்டில் பணி செய்யும் ஒரு குழுவின் வாழ்க்கையில் அவை ஆண்டுக்குச் சில நாள்கள். மீதி நாள்கள் சமையல், தண்ணீர், காய்ச்சல், மொழிப்பாடம், நெடுவழி நடை, ஒரே கூரையின்கீழ் வாழும் நான்கு பேருக்குள் வரும் மனத்தாங்கல் என்றே போகின்றன. அந்த நாள்களையும் ஆண்டவர் தமக்கென்றே கேட்கிறார். இன்று நாம் விழா எடுக்கும் புனிதர் இதை வாழ்ந்து காட்டியவர்.

புனித ஜோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு கோவாவில் பெனவுலிம் என்ற ஊரில் பிறந்தவர். 1676இல் குருவானார். அந்நாளில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமானபோது கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் போடப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் ஒப்புரவு இல்லாமல், திருப்பலி இல்லாமல், தாங்கள் அறிந்த செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே விசுவாசத்தைக் காத்தார்கள். அவர்களுடைய நிலையைக் கேள்விப்பட்ட வாஸ் அடிகள், 1687இல் நம் தூத்துக்குடிக் கரைக்கு வந்து, அங்கிருந்து படகேறினார். குருவின் உடையைக் களைந்து, கூலி ஆளைப் போலக் கந்தை உடுத்தியிருந்தார். அவரோடு வந்தவர் ஜான் என்னும் பணியாளர் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் இறங்கிய வாஸ் அடிகளின் முதல் நாள்கள் எப்படிக் கழிந்தன தெரியுமா? போதித்தபடி அல்ல. கடும் வயிற்றுப்போக்கில் விழுந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். எந்த மக்களுக்கு அருளடையாளங்களைக் கொண்டுவந்தாரோ, அந்த மண்ணில் அவர் முதலில் கைநீட்டிப் பெற வேண்டியிருந்தது. மறைப்பணியாளர் என்றால் எப்போதும் கொடுப்பவர் என்று நினைக்கிறோம். ஆண்டவரோ, அந்த வீட்டார் கொடுப்பதை உண்டு குடியுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். பிறர் கையால் உண்ணக் கற்றுக்கொள்ளாதவர் அந்த வீட்டாருக்குக் கடைசிவரை விருந்தாளிதான். உறவினர் ஆக மாட்டார்.

உடல் தேறியதும் அவர் செய்தது, கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தது. பிச்சை கொடுக்க வருகிறவர்களின் பார்வை அந்தச் செபமாலையில் எப்படிப் படிகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலை என்ற ஊர் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருப்பார், இரவில் ஒப்புரவு கேட்பார், திருப்பலி நிறைவேற்றுவார். இருட்டில் நடப்பதும், பகலில் சந்தடியில்லாமல் காத்திருப்பதும் அவருடைய அன்றாடம். அந்தக் காத்திருப்பும் பணியே.

அங்கே தேடுதல் கடுமையானதும் புத்தளம் வழியாகக் கண்டி அரசுக்குள் சென்றார். 1692இல் அங்கே போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று சந்தேகித்து அவரையும் ஜானையும் சிறையில் அடைத்தார்கள். சிறையில் என்ன செய்தார்? சிங்களம் படித்தார். நாற்பது வயதைக் கடந்த ஒரு மனிதர், தாய்மொழி கொங்கணி, படித்தது போர்த்துக்கீசியமும் இலத்தீனும், முன்பே பாடுபட்டுத் தமிழ் கற்றவர், கைதியாக இருந்த நாள்களில் இன்னொரு மொழியின் எழுத்துகளை முதலிலிருந்து கற்றார். வேற்று நாட்டில் பணி செய்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மொழி படிக்கும் காலம்தான் மிகவும் தாழ்த்தும் காலம். ஊரில் பட்டம் பெற்றவர், பத்துப் பேருக்குப் பாடம் சொன்னவர், அங்கே சந்தையில் உப்பு கேட்கத் தெரியாமல் நிற்பார். சின்னக் குழந்தைகள் அவர் பேச்சைத் திருத்தும். அந்தத் தாழ்ச்சியை மனதார ஏற்றவர்தான் பிறகு அந்த மக்களின் மனத்தோடு பேச முடியும். பின்னாளில், 1705இல், கோவாவிலிருந்து வந்து வாஸ் அடிகளோடு சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதும் அளவுக்குப் புலமை பெற்றார். தமிழ் மக்கள் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்று போற்றினார்கள். அந்த நூல்களுக்குப் பின்னால், தவறு தவறாகப் பேசி, திருத்தம் கேட்டு, மறுநாளும் உட்கார்ந்து படித்த எத்தனையோ சாதாரண நாள்கள் இருக்கின்றன.

அன்பானவர்களே, 1697ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்குச் சற்று முன்புதான் வாஸ் அடிகளுக்குத் துணையாகக் கோவாவிலிருந்து குருக்கள் வந்திருந்தார்கள். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்தத் தீவு முழுவதற்கும் ஒரே குருவாகத் திரிந்தவருக்கு, சேர்ந்து செபிக்கவும் தாமே ஒப்புரவு பெறவும் உடன்பிறப்புகள் கிடைத்தார்கள். அந்த நேரத்தில் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரம் விட்டுப் போனார்கள். வாஸ் அடிகளும், கோவாவிலிருந்து வந்த குருக்களில் ஒருவரான கார்வாலோ அடிகளும் நகரிலேயே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்து வந்தார்கள். புண்களைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கையால் அடக்கம் செய்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. அந்த மாதங்களில் அவர்கள் ஆற்றிய மறையுரை எதுவும் நமக்கு எழுதிவைக்கப்படவில்லை. அவர்கள் செய்தது மட்டும் முந்நூறு ஆண்டு கடந்தும் மக்கள் நினைவில் நிற்கிறது.

இந்த வரலாற்றில் நாம் விட்டுவிடக் கூடாத ஒருவர் ஜான். அவர் குரு அல்ல. போதித்ததாக வரலாறு அவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் படகில் உடன் வந்தார், நோயில் உடன் இருந்தார், சிறையிலும் உடன் அடைபட்டார். வாஸ் அடிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவித்தார். அந்தப் புனிதரை உயிரோடு காத்ததில் ஜானுக்குப் பங்கு உண்டு. சமைப்பவர், துணி துவைப்பவர், வண்டி ஓட்டுபவர், கணக்கு எழுதுபவர் இல்லாமல் எந்த மறைப்பணிக் குழுவும் நிற்காது. இருவர் இருவராக ஆண்டவர் அனுப்பியதன் பொருளை இந்த இருவரிடம் காண்கிறோம்.

புனித பவுலின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. கொரிந்தில் அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். கப்பல் உடைந்து மால்தா தீவில் ஒதுங்கியபோது, குளிருக்குத் தீ மூட்டச் சுள்ளி பொறுக்கினார். திருத்தூதர் அவர், ஆனாலும் சுள்ளி பொறுக்குவது தம் வேலையல்ல என்று அவர் எண்ணவில்லை. சேர்ந்து பணி செய்வதன் வலியையும் அவர் அறிந்திருந்தார். மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதில் அவருக்கும் பர்னபாவுக்கும் கடும் விவாதம் எழுந்து, இருவரும் தனித்தனி வழியே பிரிந்தார்கள். திருத்தூதர் பணிகள் நூல் அதை மறைக்கவில்லை. அதே பவுல் தம் இறுதிக் காலத்தில், மாற்குவை அழைத்து வரும்படியும், அவர் தமக்கு மிகவும் பயனுள்ளவர் என்றும் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். பிலிப்பி நகரிலிருந்து பவுலுக்கு உதவ வந்த எப்பப்பிராதித்து சாகும் தறுவாய்க்குப் போனார். அப்போது அவர் கவலைப்பட்டது எதைப் பற்றி? தாம் நோயுற்ற செய்தி ஊருக்குத் தெரிந்து, அங்கே உள்ளவர்கள் வருந்துவார்களே என்று.

இந்த எப்பப்பிராதித்து இன்றும் நம் குடும்பங்களில் இருக்கிறார். நம் ஊர்களிலிருந்து குருக்களும் அருள்சகோதரிகளும் ஆப்பிரிக்காவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் ஐரோப்பாவுக்கும் போயிருக்கிறார்கள். தான்சானியாவில் இருக்கும் ஒரு சகோதரியின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து செபம். பிறகு தண்ணீர் வந்ததா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் மருந்தகத்தின் குளிர்பெட்டியைக் காக்க ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசலில் மலேரியாக் காய்ச்சலோடு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களிடம் சுவாகிலியில் பேச வேண்டும். மதியம் சோளமாவில் கிண்டிய உகாலியும் கீரையும். ஒரே இல்லத்தில் நான்கு நாட்டுச் சகோதரிகள். ஒருவருக்குக் காரம் வேண்டும், ஒருவருக்கு ஆகாது. ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கடுமையாகப் படும். மன்னிப்புக் கேட்காமல் இரவு செபத்துக்குப் போக முடியாது. ஞாயிறன்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது, காய்ச்சலில் கிடந்த செய்தியை மறைத்து, நன்றாக இருக்கிறேன் அம்மா என்பார். இப்படிப் பல ஆண்டுகள். இந்த நாள்களில் ஒன்றுகூட வீணான நாள் இல்லை. ஆண்டவர் எழுபத்திரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பியதையே அவர் வரி தவறாமல் செய்துகொண்டிருக்கிறார்.

அப்படியானால் இங்கே இருக்கிற நமக்கு இந்த விழா என்ன சொல்கிறது? மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டு வேலையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாருக்கு உடம்பு துடைத்துவிடும் மருமகளே, நீங்கள் செய்வது கண்டியில் வாஸ் அடிகள் செய்த அதே பணி. அதை ஆண்டவர் பெயரால் செய்யுங்கள்.

இரண்டாவது, நம் பங்குக் குழுக்களில், அன்பியங்களில், பாடகர் குழுவில் பேசாமல் முகம் திருப்பி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பிரிந்தவர்களைப் பற்றி மறைக்காமல் எழுதிய அதே விவிலியம், பவுல் மாற்குவை மறுபடி அழைத்ததையும் எழுதியிருக்கிறது. இந்த வாரம் அப்படி ஒருவரை நீங்களே முதலில் அழைத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, அந்நிய மண்ணில் பணி செய்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுக்காகச் செபியுங்கள். இங்கே அவர்களுடைய வயதான பெற்றோரைப் போய்ப் பாருங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுபோலவே வேலை தேடி நம் ஊருக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் நம் மொழியில் தடுமாறும்போது சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் படகேறிய அந்த மனிதரும் இப்படித்தான் நம் மொழியைத் தடுமாறிப் பேசிப் பழகினார்.

வாஸ் அடிகள் 1711 சனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. அவருக்குப் பின்னும் கோவாவிலிருந்து அவருடைய சபைக் குருக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போனார்கள்; இலங்கையின் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுடைய உழைப்பில் மீண்டும் தழைத்தது. அறுவடை இன்றும் மிகுதி. உங்கள் பிள்ளைகளில் ஒருவர், நான் போகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள். ஆசி கொடுத்து அனுப்புங்கள். போகாமல் இங்கே இருக்கிறவர்கள், இன்று நம் கையில் இருக்கிற வேலையை ஆண்டவருக்கென்று செய்து முடிப்போம். ஆமென்.