சீட்டுக் குலுக்கலும் வைத்திய அறமும்

புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணுக்கு எந்தச் சத்திரசிகிச்சையைச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது முறையாகுமா? இக்கேள்வியைக் கேட்டவுடன் நம்மிற் பெரும்பாலோர் ஆகாது என்றே விடை கூறுவோம். சீட்டு சூதாட்டத்துக்கு உரியது. உயிரோ வைத்தியரின் அறிவையும் அநுபவத்தையும் நம்பி ஒப்படைக்கப்படுவது. இதுவே நமது இயல்பான எண்ணம். ஆயின், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களின் சிகிச்சை வரலாற்றை ஊன்றி நோக்குவோர் இந்த எண்ணத்தை மீண்டும் உரைத்துப் பார்க்காதிருக்க முடியாது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1898ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் ஏர்ண்ஸ்ட் வேர்தைம், வயிற்றைத் திறந்து கருப்பையையும் அதைச் சூழ்ந்த இழையங்களையும் ஒருங்கே அகற்றும் முறையைக் கையாளத் தொடங்கினார். தொடக்க காலத்தில் அந்தச் சிகிச்சையே பல பெண்களின் உயிரைக் குடித்தது. மயக்க மருந்தும், இரத்தமேற்றலும், கிருமிகளை அழிக்கும் மருந்துகளும் வளர வளர, அது ஆபத்துக் குறைந்ததாயிற்று. நோய் முற்றுமுன் வந்தவர்களிற் பெரும்பாலோரை இன்று அது காப்பாற்றுகின்றது.

1990களில் மற்றொரு முறை தோன்றியது. வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துவாரங்களின் வழியே கமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்தி, அதே உறுப்புகளை அகற்றும் முறை அது. பின்னர் இயந்திரக் கரங்களும் துணைக்கு வந்தன. தழும்பு சிறிது, இரத்த இழப்புக் குறைவு, நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். இத்தனை நன்மைகளையும் கண்ணெதிரே கண்ட வைத்தியர்கள் புதிய முறையை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஆனால் ஒரு வினா மட்டும் எஞ்சி நின்றது. புற்றுநோய் மீண்டும் வாராமற் காப்பதில் இரண்டு முறைகளும் சமமானவையா? சமமாகத்தான் இருக்கும் என்று கருதிக்கொண்டே புதிய முறை பல நாடுகளிற் பரவியது.

அந்தக் கருத்தை அப்படியே விட்டுவிடாது சோதிக்கத் துணிந்தவர்கள் சிலர். ஐக்கிய அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரத்து வைத்தியர் பேத்ரோ ரமிரெஸ் முதலியோரின் தலைமையில், 2008ஆம் ஆண்டு முதல் பல நாடுகளின் 33 வைத்தியசாலைகளில் 631 பெண்கள் ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். யாருக்குத் திறந்த சத்திரசிகிச்சை, யாருக்குத் துவாரவழிச் சிகிச்சை என்பதை அவர்களின் சம்மதத்தோடு குலுக்கல் போன்ற ஒரு முறையே தீர்மானித்தது. முடிவுகள் 2018இல் வெளிவந்தன. திறந்த சிகிச்சை பெற்ற பிரிவினரில் நாலரை ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தோர் நூற்றுக்கு 96.5 பேர், மற்றப் பிரிவினரில் 86 பேர். முதற் பிரிவின் 312 பேரில் மூவர் இறந்திருந்தனர். மற்றப் பிரிவின் 319 பேரில் 19 பேர் இறந்திருந்தனர். இந்த வேறுபாட்டைக் கண்ட கண்காணிப்புக் குழுவினரின் ஆலோசனைப்படி, திட்டமிட்ட தொகை நிறையுமுன்பே ஆய்வுக்குப் பெண்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டிருந்தது.

இங்கே ஒருவர் சினந்து கேட்கலாம்: அந்தப் பெண்களிற் பலரைச் சாவுக்கு அனுப்பியது சீட்டல்லவா?

வேதனை தரும் கேள்விதான். ஆனால் அதே ஆண்டுகளில் அந்த ஆய்வுக்கு வெளியே நடந்ததென்ன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அங்கே அதே சிகிச்சை, சீட்டின்றி, நல்லெண்ணத்தோடு, ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டு வந்தது. ஆண்டொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு இச்சிகிச்சையைச் செய்யும் ஒரு வைத்தியரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் வந்தவர்களில் ஒருத்திக்கு மூன்றாண்டுகளின் பின் நோய் மீண்டும் வந்தால், அதை அவர் நோயின் கொடுமை என்று கொள்வார்; அவளுடைய வீட்டார் விதி என்று கொள்வார்கள். நூற்றுக்குப் பத்துப் பேரின் வேறுபாட்டை ஒரு தனி மனிதரின் அநுபவம் எளிதில் எடுத்துக் காட்டாது. அவ்வாறு மாண்டவர்களும் ஒரு சோதனைக்கு உள்ளானவர்களே. அந்தச் சோதனைக்குப் பெயரில்லை, கணக்கில்லை, அதிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ளவுமில்லை. கணக்கு வைக்கப்பட்ட 19 மரணங்களோ உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றின.

சீட்டு புதுமைக்குப் பகையுமன்று. கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் துவாரவழிச் சிகிச்சை செய்யப்படுகின்றது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹொங்கொங் ஆகிய இடங்களில் 760 பெண்களிடையே நடந்த ஒப்பீடு 2017இல் வெளியாயிற்று. அங்கே இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்திருந்தன. ஒரே வைத்தியர், ஒரே கருவி. ஒரு நோயில் நன்மை, அருகிலுள்ள இன்னொரு நோயிற் கேடு. எண்ணிப் பாராமல் இதை யாரால் அறிந்திருக்க முடியும்?

எனவே, உண்மை எவருக்கும் தெரியாத இடத்திற் சீட்டுக் குலுக்குவது நேர்மையான செயல் என்றே கூறுவேன். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் தன்னம்பிக்கையைவிட அது நோயாளிக்கு அதிக மரியாதை செய்கின்றது. எனினும் இந்த நியாயம் இரண்டு நிபந்தனைகளின் மேலேயே நிற்கின்றது. அவை தகர்ந்தால் நியாயமும் தகரும்.

முதலாவது, சம்மதம். மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று தத்துவஞானி கான்ற் வற்புறுத்தினார். ஒக்லண்ட் நகரத்துத் தேசிய மகளிர் வைத்தியசாலையில் 1966 முதல் நடந்தது இதற்கு நேர்மாறானது. கருப்பைக் கழுத்தில் தோன்றும் முன்னோடி மாற்றம் புற்றுநோயாக வளராது என்பது வைத்தியர் ஹேர்பேட் கிரீனின் கொள்கை. அதை நிலைநாட்டுவதற்காகப் பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை அளிக்காது அவர்களைக் கவனித்து வந்தார். தாம் ஓர் ஆய்வின் பொருள் என்பதை அப்பெண்கள் அறியார். மாற்றம் நீங்காதிருந்த 131 பேரில் 29 பேருக்குப் புற்றுநோய் பரவியதை அவருடைய சகாக்களே 1984இல் எழுதி வெளியிட்டனர். நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் விசாரணை அறிக்கை 1988இல் வந்த பின்னரே அந்நாட்டில் நோயாளரின் உரிமைகள் சட்டத்திற் பொறிக்கப்படும் வழி திறந்தது.

இரண்டாவது, அறியாமை உண்மையானதாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், கருப்பைக் கழுத்தில் அசற்றிக் அமிலத்தைத் தடவி நோக்கும் எளிய பரிசோதனையின் பயனை அறிய ஓர் ஆய்வு தொடங்கிற்று. 49,311 பெண்கள் பரிசோதனைப் பிரிவிலும், 30,958 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்படாத பிரிவிலும் அமைந்தனர். பரிசோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 வீதம் குறைந்ததென 2007இல் அறிவிக்கப்பட்டது. அந்த எளிய முறையின் பயன் அதுவரை நிறுவப்படவில்லை என்பது ஆய்வாளர் தரப்பு நியாயம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நோயை முன்கூட்டியே கண்டால் உயிர் காக்கலாம் என்பது உலகம் அறியாத செய்தியா? பாப் பரிசோதனையைப் பின்லாந்து 1960களிலேயே நாடளாவிய முறையில் நடத்தத் தொடங்கிவிட்டது. திண்டுக்கல்லில் அழைக்கப்படாத பெண்களை நோய்க்கு இலக்காக விட்டதில் விஞ்ஞானத்தின் அறியாமைக்கு ஒரு பங்கு உண்டென்றால், வறுமைக்குப் பெரும்பங்கு உண்டு. செல்வந்த நாட்டுப் பெண்ணுக்கு உரிமையாகக் கிடைப்பது ஏழைப் பெண்ணுக்குச் சீட்டில் விழுந்தாற் கிடைக்கும் என்றால், அதை அறியாமை என்று அழைப்பது பொருந்தாது. அதற்குப் பெயர் ஏற்றத்தாழ்வு.

ஆகவே ஒவ்வொரு சிகிச்சையைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதன் பயன் எங்ஙனம் அறியப்பட்டது? அறியப்பட்டதாயின், அது எவருக்குக் கிடைக்கின்றது? முதற் கேள்விக்கு விடை தருவது விஞ்ஞானிகளின் கடமை. அந்த விடைக்காகத் தம் உடலையே அறிந்து ஈந்த 631 பெண்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கின்றது. இரண்டாவதற்கு விடை தரும் பொறுப்பை வைத்தியர்களின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அது சமுதாயம் முழுவதன் பொறுப்பு.