பூனைக்குட்டி நியாயம்

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. எதையும் நான் தேடிப்போய்க் கொண்டுவரவில்லை. கிண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். 2021 நவம்பர் மழையில், கீழே மின்சார மீட்டர் பெட்டிக்கு அடியில் ஒரு பூனை நனைந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அது என்னைப் பிறாண்டிவிட்டு, எனக்கு முன்னால் படியேறி என் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கு மாசாத்தி என்று பெயர் வைத்தேன். மாலையில் வேலியோரம் வரும் காட்டுப்பூனைக்கு அஞ்சிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியைக் குறுந்தொகையில் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். கோழியின் பக்கம் நின்ற புலவரின் பெயரைப் பூனைக்கு வைப்பது அநியாயம் என்று என் மாணவிகள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்திவிட்டது.

மாசாத்தி கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டாள். குளியலறைக் குழாய் சொட்ட வேண்டும்; சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிப்பாள். மடியில் உட்கார மாட்டாள். நான் திருத்தும் விடைத்தாள் கட்டின்மேல் உட்காருவாள், அதுவும் திருத்தாத கட்டின்மேல் மட்டும். கல்லூரி விட்டு வரும்போது கதவுக்குப் பின்னால் காத்திருப்பது காலடிச் சத்தத்தில் தெரியும். கதவைத் திறந்ததும் யாரையோ எதிர்பார்த்து ஏமாந்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவாள்.

இரண்டாவதாக வந்தவன் கடுவன். ஆண் பூனைக்குத் தமிழில் உள்ள பெயரே அதுதான்; தனியாக ஒன்று யோசிக்கவில்லை. ஆரஞ்சு நிறம், தடித்த கன்னம். சமையலறை ஜன்னல் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவன் ஒருநாள் போகவில்லை. தெருவில் அத்தனை சண்டை போட்டவனுக்குக் குக்கர் விசில் என்றால் பயம். உணவு கொண்டுவரும் பையன்கள் எல்லோரும் அவனுக்குச் சொந்தக்காரர்கள்.

மூன்றாமவள் பரணி, மாசாத்தியின் மகள். பரண்மேல் பிறந்தவள். அவள் இங்கேயே தங்கிப்போன கதைதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

மாசாத்தி முதல் ஈற்றில் நான்கு குட்டி போட்டாள். இரண்டு தங்கவில்லை. மிஞ்சிய இரண்டையும் யாருக்காவது கொடுக்கலாம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: “ஆணா, பொண்ணா?” ஆண் குட்டி இரண்டே நாளில் போய்விட்டது. பரணியை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். “அழகா இருக்கு. ஆனா பொட்டையாச்சே, குட்டி போட்டுக்கிட்டே இருக்குமே” என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தாயைப் போலவே அவளும் முந்நிறம். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; கறுப்பும் ஆரஞ்சும் ஓருடலில் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். அதனால் முந்நிறப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண். விஷயம் தெரிந்தவர்கள் வாலைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்தே வேண்டாம் என்கிறார்கள். பெண் குழந்தை வேண்டாம் என்ற சொல்லை இந்தச் சமூகம் எங்கெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறது என்று அன்று யோசித்தேன்.

பரணிக்கு ஐந்து மாதம் ஆனபோது வீட்டில் இரண்டு பெண் பூனைகளும் ஒரே வாரத்தில் பருவக்குரல் எடுத்தன. இரவெல்லாம் அழைப்பு. கீழ்வீட்டுக்காரர் படியில் என்னை நிறுத்தி, “உங்க பூனை ஊர் மேயக் கூப்பிடுது மேடம், காது குடுக்க முடியலை” என்றார். கடுவன் அதே தெருவில் வருடக்கணக்காகச் செய்ததற்கு அவரிடம் ஒரு சொல்லும் இருந்ததில்லை. இருந்தாலும் அவர் தூங்கவில்லை என்பது உண்மை. நானும் தூங்கவில்லை. பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். இரண்டு பூனைகள், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று, கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத குட்டிகள். கணக்கு எனக்கும் தெரிந்தது.

பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்ய வேண்டும். இதைச் சொல்லும் வாக்கியம் எளிது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்தான் என் கை நின்றது.

என் மகள் அறுவை சிகிச்சையில் பிறந்தாள். நான் மேசைமேல் படுத்திருந்தபோது, வெளியே வராந்தாவில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: “இதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா?” கேட்டது என் கணவரை. பதில் சொன்னது மாமியார். “ஒரே ஒரு பொண்ணு. அடுத்தது பையன் வேணாமா?” அதனால் செய்யவில்லை. இது எனக்குத் தெரியவந்ததே பல மாதம் கழித்து, யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான். என் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதற்கு விடையும் போயிருக்கிறது. இரண்டும் என்னைத் தொடவே இல்லை.

வீட்டு வேலைக்கு உதவியாக வரும் அக்காவிடம் பூனைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்.

“பூனைக்கு இவ்ளோ யோசிக்கிறீங்களே டீச்சரம்மா. எனக்கு ரெண்டாவது பொறந்ததும் அங்கியே பண்ட்டாங்க. வூட்டுக்காரரு கையெழுத்து போட்டாரு. நான் மயக்கத்துல கெடந்தேன். எனக்கு அப்போ இருபத்தி மூணு வயசு.”

“வேணாம்னு சொல்லியிருப்பீங்களாக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “இல்லம்மா. நானும் பண்ணுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா.”

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பின் அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு மறுத்தது, அவருக்குச் செய்தது. முடிவுகள் நேரெதிர். ஆனாலும் எங்கள் இருவருக்கும் நடந்தது ஒன்றேதான்.

இது எங்கள் இருவரின் கதை மட்டுமில்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருக்கும் இணைகள் 0.3 சதவீதம். ஆணுக்கான அறுவை எளிது, ஆபத்து குறைவு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்தியதற்கு 1977 தேர்தலில் விலை கொடுத்த பிறகு, அரசுகள் பெண்களின் பக்கம் திரும்பின. பிரசவத்துக்கு வருகிறவள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறாள். தெருப்பூனையைப் பிடிக்கிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்: தாய்ப்பூனையைப் பிடிப்பது சுலபம், குட்டியிடம் எப்படியும் திரும்பி வரும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். முகாம்களுக்குப் போன பெண்களில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது.

பெண்களையும் பூனைகளையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். வைக்கவில்லை. நான் ஒப்பிடுவது முடிவெடுக்கிறவர்களின் பேச்சை. “அதன் நன்மைக்குத்தான்”, “அதற்கு என்ன தெரியும்” என்று மருத்துவமனை வராந்தாவில் நான் சொல்லப்போகும் சொற்கள் எங்கிருந்து வந்தவை என்று பார்க்கிறேன். 1994இல் புணேயில், அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் சிலரின் கருப்பையை எடுத்தார்கள். மாதவிலக்கை அவர்களால் சமாளிக்க முடியாது என்பது காரணம். அவர்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. 2009இல் சண்டிகரில், அதேபோன்ற ஓர் இல்லத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய உயர் நீதிமன்றம் அனுமதித்தது. குழந்தை வேண்டும் என்று அவள் சொன்னாள். உச்ச நீதிமன்றம் அவள் சொன்னதைக் கேட்டு அந்த ஆணையை நிறுத்தியது. சொல்லத் தெரியாதவள் என்று முடிவுகட்டியிருந்தவள் சொல்லியிருக்கிறாள். கேட்கத்தான் ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

மாசாத்தியிடம் எப்படிக் கேட்பது? அவள் பருவக்குரலே ஒரு பதில்தானே என்று ஒரு மனம் சொல்லும். அவள் வேண்டும் என்றுதான் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். செத்துப்போன இரண்டு குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பரணுக்கு அடியில் சாப்பிடாமல் கிடந்த மூன்று நாட்களும் ஒரு பதில்தான். எந்தப் பதிலை எடுத்துக்கொள்வது என்பதையும் நான்தான் முடிவு செய்தேன்.

முதலில் கடுவனைக் கொண்டுபோனேன். இந்த ஒருமுறையாவது ஆண் முதலில் போகட்டும் என்ற வீம்பு. அந்த இளம் மருத்துவர் சிரித்தார். “நல்ல எண்ணம்தான் மேடம். ஆனா தெருவுல இன்னும் ஒரு கடுவன் இருந்தாலே போதும், எல்லாப் பெண் பூனையும் சினையாயிடும். இவங்க ரெண்டு பேரையும் பண்ணித்தான் ஆகணும்.” நியாயம் ஒரு பக்கமும் பலன் இன்னொரு பக்கமும் நின்றன. 1959இல் இந்த நகரத்தில் தொடங்கிய புளூ கிராஸின் காப்பகம் எங்கள் கிண்டியில், வேளச்சேரி சாலையில்தான் இருக்கிறது. அவர்கள் தெருநாய்களுக்குக் கருத்தடையைப் பேசத் தொடங்கியபோது மாற்றாக இருந்தது நாய்களைப் பிடித்துக் கொல்வது. அறுவை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் என்ன வரும் என்பதையும் யோசிக்காமல் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

ஒப்புதல் படிவத்தில் “உரிமையாளர்” என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாசாத்தியைக் கூடைக்குள் விடக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கப் போனேன். மருத்துவர் தடுத்தார். “அப்படிப் பிடிக்காதீங்க மேடம். குட்டியா இருக்கும்போது அம்மா தூக்கினா அடங்கியிருக்கும். வளர்ந்த பூனைக்கு அது பயம். துண்டுல சுத்தி, கீழே கை குடுத்துத் தூக்குங்க.”

வைணவத்தில் இரண்டு நியாயங்கள் பேசுவார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கழுத்தில் கவ்வித் தூக்கிப் போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இறைவனிடம் உயிர் எப்படி அடைக்கலமாக வேண்டும் என்பதில் வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்கள். பத்தியின் மொழியாக இது அழகானது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லப்படுவதும் பூனைக்குட்டி நியாயம்தான். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இரு, நாங்கள் தூக்கிப் போகிறோம்.

மாசாத்தி பரணியை வளர்த்ததைப் பார்த்த பிறகு அந்த நியாயத்தின் மிச்சக் கதை எனக்குத் தெரிந்தது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவது சில வாரங்கள்தான். பிறகு பால் குடிக்க வந்த மகளைச் சீறித் தள்ளினாள். பரணிலிருந்து தானே இறங்கட்டும் என்று கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை விட வேண்டிய நாள் பூனைக்குத் தெரிந்திருக்கிறது.

அறுவைக்குப் பின் பத்து நாள், இரண்டு பேரும் கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு சுவரில் இடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டுத் தரையில் படுத்தேன். கருப்பையில் சீழ் பிடிக்காது, மார்பில் கட்டி வரும் வாய்ப்பு குறையும் என்று மருத்துவர் சொன்னவை எல்லாம் உண்மை. என் தூக்கத்துக்காகவும், கீழ்வீட்டுக்காரருக்காகவும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவும் செய்தேன் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் “அவள் நன்மைக்கு” என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடக் கூடாது என்று மட்டும் தீர்மானித்தேன். செய்தது அதிகாரம். அதை அன்பு என்று பெயர் மாற்றிக் கூப்பிட்டால், அடுத்த முறை கை இவ்வளவு நேரம் நிற்காது.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்து வருகிறேன். பூனைகளின் குணம் என்று நாம் சிரித்துச் சொல்வதெல்லாம் அவை வேண்டாம் என்று சொன்னவற்றின் பட்டியல்தான். கிண்ணத்துத் தண்ணீர் வேண்டாம், மடி வேண்டாம், மூடிய கதவு வேண்டாம், இந்த மீன் வேண்டாம். மறுக்க இடமிருக்கிற உயிருக்குத்தான் குணம் என்று ஒன்று தெரியவருகிறது. இதே பட்டியல் ஒரு பெண்ணிடம் இருந்தால் அதற்குத் திமிர் என்று பெயர். ஒரு பெரிய கேள்வியை அவர்களிடம் கேட்காமல் முடித்துவிட்டேன். ஆகவே மீதி நூறு சின்னக் கேள்விகளில் அவர்கள் சொல்வதுதான் என்று வைத்திருக்கிறேன். ஈடாகாது. ஆனாலும் அதுதான் என்னால் முடிந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது வேலைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். அவர் சொன்னதையும் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். போடலாமா என்று கேட்டேன்.

“பேரு வேணாம். மத்தது போடுங்க” என்றார்.

குளியலறைக் குழாயை மூடப் போனவர், உள்ளே மாசாத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சொட்டும்படி விட்டுவிட்டு வந்தார்.